எங்கள் வீட்டு அந்நிய மீனவர்

“பதின்மூண்டு வருஷம் பள்ளிக்குடம் போய் வந்தனீ. ஒரு போமைப் பிழையில்லாமல் நிரப்புவியோ எண்டுதான், பிள்ளை, எனக்கு ஒரு சின்னச் சந்தேகம்.”

எங்கள் ஊர்க் கடற்றொழிலாளர் சங்கத்தின் செயலாளர் இதைச் சொன்னபோது அவருடைய கையில் என் மச்சாளின் கடவுச்சீட்டு இருந்தது. அதைத் திருப்பித் தரும்படி நான் கேட்டிருந்தேன். மச்சாள் என் அண்ணனைக் கட்டி இந்தியாவிலிருந்து வந்தவர். வருடத்துக்கு ஒருமுறை கொழும்புக்குப் போய், இன்னொரு வருடம் இந்த நாட்டில் இருக்க விடுங்கள் என்று அவர் கேட்க வேண்டும். அப்படிக் கேட்கும் விண்ணப்பத்தை மூன்று வருடமாகச் செயலாளர்தான் நிரப்பிக் கொடுத்தார். இந்த முறை நான் நிரப்புகிறேன் என்று சொல்லத்தான் போனேன்.

ஊரில் யார் பிறந்தாலும் இறந்தாலும் வலைக்கு மானியம் கேட்டாலும் அவரிடம்தான் போவார்கள். சட்டைப்பையில் மூன்று பேனை வைத்திருப்பார்: நீலம், கறுப்பு, சிவப்பு. சிவப்பு எதற்கென்று இதுவரை யாருக்கும் தெரியாது. ஆனால் அதைக் கண்டவர்கள் அவரோடு தர்க்கப்படுவதில்லை. நான் தர்க்கப்பட்டேன். பின்னே, எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தின் கடைசி வாசல்வரை போய் வந்தவள் நான் ஒருத்திதான். அப்பாவுக்கு வள்ளத்தின் இலக்கத்தை வாசிக்கத் தெரியும். அம்மா கையெழுத்து வைப்பார். ஒவ்வொரு எழுத்துக்கும் இடையில் மூச்சு வாங்கி, கிழிந்த வலையைப் பொத்துவதுபோல் வைப்பார். அண்ணன் ஐந்தாம் வகுப்பில் இருந்தபோது நாட்டுச் சண்டை எங்கள் ஊருக்கும் வந்தது. பெரியம்மாவின் குடும்பத்தோடு அவனும் வள்ளம் ஏறி அக்கரைக்கு, இந்தியாவுக்கு, போய்விட்டான். நான் உயர்தரம் பாஸ் பண்ணினேன், டிப்ளோமா முடித்தேன், இப்போது கதிரையும் கணினியும் உள்ள ஒரு வேலையில் இருக்கிறேன். என் மச்சாளின் விண்ணப்பத்தை இன்னொருவர் நிரப்புவது எனக்கு அவமானமாக இருந்தது.

கடவுச்சீட்டைத் தந்தார். தரும்போது அவர் சிரித்த சிரிப்பை நான் அப்போது கணக்கெடுக்கவில்லை.

அண்ணன் அக்கரையில் அகதி முகாமில் வளர்ந்து, வீடுகளுக்குப் பெயின்ட் அடிக்கப் பழகி, அப்படிப் பெயின்ட் அடிக்கப் போன ஓர் ஊரில் மச்சாளைக் கண்டான். நாடு திரும்பும்போது ஒரு தகரப் பெட்டியும் ஒரு மனைவியும் கொண்டுவந்தான். பெட்டியைப் பற்றி விமான நிலையத்தில் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. மச்சாளின் ஊர் சிவகங்கைப் பக்கம், வயலும் கருவேலமரமும்தான். கல்யாணத்துக்கு முன் கடலை ஒரேயொரு நாள் பார்த்திருக்கிறார், அதுவும் செருப்பைக் கழற்றாமல். அவருக்கும் எங்களுக்கும் ஒரே பாஷை, ஒரே சோறு, இடையில் ஒரு துண்டுக் கடல். தலைமன்னார்ப் பக்கம் போனால் என் தொலைபேசிக்கே ‘இந்தியாவுக்கு வரவேற்கிறோம்’ என்று செய்தி வருகிறது. தொலைபேசிக்கு விசா தேவையில்லை. மச்சாளுக்குத் தேவை.

அவருக்கு இரண்டரை வயதில் ஒரு மகள். அவள் மன்னார் ஆஸ்பத்திரியில் பிறந்த இலங்கைப் பிரசை. அவளுக்குச் சோறு தீத்துகிற தாய் வருடாவருடம் காலாவதியாகிறவர்.

விசா விஷயத்தில் எனக்கு இருந்த துணிச்சல் சும்மா வந்ததில்லை. நான் வேலை செய்வது கீரிக் கடற்கரைக்குக் கிட்ட ஒரு விடுதியில். காற்றுக் காலத்தில் வெள்ளைக்காரர் வருவார்கள். காலில் பலகையைப் பூட்டி, மேலே பெரிய பட்டம் ஒன்றை ஏற்றி, அது இழுக்கும் பக்கம் தண்ணீரில் வழுக்கிப் போவார்கள். ஊரில் அவர்களுக்குப் பட்டக்காரர் என்று பெயர். ஒரு மாதம் இருக்க வந்தவருக்கு, காற்று நன்றாக இருந்தால், மூன்று மாதம் இருக்க ஆசை வரும். அவருடைய நீடிப்பு விண்ணப்பத்தைக் கணினியில் நிரப்புவது என் வேலை. பெயர், இலக்கம், படம், வங்கி அட்டை. அவர் பட்டத்தைச் சுருட்டிக்கொண்டு கரைக்கு வருவதற்குள் நான் அனுப்பி முடித்திருப்பேன். ஏன் இருக்க வேண்டும் என்ற கேள்விக்கு ‘காற்று’ என்று ஒருவர் எழுதச் சொன்னார். எழுதினேன். கொடுத்தார்கள்.

விடுதி முதலாளியும் வெளிநாட்டவர்தான். பணம் போட்டவர் என்பதால் அவருக்கென்று ஒரு வதிவிட விசா இருக்கிறது. பட்டம் பழக்குவதற்குத் தன் ஊரிலிருந்து ஓர் இளைஞனைக் கூப்பிட்டார். அதற்கு வேலை விசா வேண்டும். வேலை விசாவுக்கு ஒரு விதி: இந்த வேலையைச் செய்ய இந்த நாட்டில் ஆள் இல்லை என்று முதலாளி எழுதித் தர வேண்டும். அந்தக் கடிதத்தை எழுதியவள் நான். ‘காற்றின் திசையையும் வேகத்தையும் நீரோட்டத்தையும் பார்த்துச் சொல்லக்கூடிய உள்ளூர் ஆட்கள் கிடைக்கவில்லை’ என்று நல்ல ஆங்கிலத்தில் எழுதினேன். எழுதிக்கொண்டிருந்தபோது யன்னலுக்கு வெளியே கரைவலைக்காரர் மூன்று பேர் வானத்தை அண்ணாந்து பார்த்து, நாளைக்குக் காற்று எந்தப் பக்கம் திரும்பும் என்று சண்டை பிடித்துக்கொண்டிருந்தார்கள். சத்தம் தாங்காமல் யன்னலைச் சாத்திவிட்டுக் கடிதத்தை முடித்தேன். இளைஞனுக்கு விசா கிடைத்தது.

இப்படிப்பட்ட அனுபவத்தோடுதான் மச்சாளின் விண்ணப்பத்தைக் கையில் எடுத்தேன்.

செயலாளர் நிரப்பிய பழைய பிரதிகளைப் பார்த்தேன். எல்லாம் சரியாக இருந்தன, ஓர் இடத்தைத் தவிர. ‘தொழில்’ என்ற கட்டத்தில் மூன்று வருடமும் ‘இல்லை’ என்று எழுதியிருந்தார். எனக்குக் கோபம் வந்தது. மச்சாள் காலை நாலரைக்கு எழும்புகிறவர். வள்ளம் வந்ததும் வலையிலிருந்து நண்டு கழற்றுவார், மீன் வெட்டுவார், உப்புப் போடுவார், பாயில் பரப்புவார், காகத்தைக் கலைப்பார், கழுதை மிதிக்காமல் பார்ப்பார், பின்னேரம் அள்ளி உள்ளே வைப்பார். இதற்கிடையில் சமையல், பிள்ளை, துவைப்பு. இவ்வளவும் செய்கிறவருக்குத் தொழில் ‘இல்லை’யாம். நாள் முழுவதும் குளிரூட்டிக்குக் கீழே இருக்கும் எனக்கு மட்டும் தொழில் ‘உண்டு’.

அதோடு, எங்கள் ஊரில் தொழில் என்று எந்தப் படிவம் கேட்டாலும் வீட்டில் எல்லாருக்கும் ஒரே பதில்தான்: கடற்றொழில். கிராம சேவையாளரின் குடும்பப் பட்டியலில் அப்பா கடற்றொழில், அம்மா கடற்றொழில், நான் வகுப்பறையில் இருந்து கணக்குச் செய்த வருடங்களிலும் கடற்றொழில். வீட்டில் ஒரு வள்ளம் இருந்தால் தொட்டில் பிள்ளைக்கும் அதுதான் தொழில். நிவாரணம் வந்தாலும் வரும், வலை வந்தாலும் வரும், எழுதிவைத்தால் நட்டமில்லை. எனவே நானும் என் மச்சாளுக்கு உரிய மரியாதையைக் கொடுத்து, ஆங்கிலத்தில், பெரிய எழுத்தில், கடற்றொழில் என்று எழுதினேன். எழுதிவிட்டு அந்தப் பக்கத்தை இரண்டு தரம் ரசித்தேன்.

அண்ணன், மச்சாள், மடியில் பிள்ளை, நான் என்று நாலு பேரும் கொழும்புக்கு பஸ் ஏறினோம். காலையில் குடிவரவுத் திணைக்களக் கந்தோரில் டோக்கன் எடுத்துக் காத்திருந்து, எங்கள் முறை வந்தபோது நான்தான் கதிரையில் இருந்தேன். அதிகாரி நல்ல மனிதர். கலியாணப் பதிவைப் பார்த்தார், அண்ணனின் அடையாள அட்டையைப் பார்த்தார், பிள்ளையைப் பார்த்துச் சிரித்தார். பிறகு முதலாம் பக்கத்துக்குத் திரும்பினார். சிரிப்பு நின்றது. பக்கத்து மேசைக்காரரைக் கூப்பிட்டுக் காட்டினார். அவர் உள்ளே போய் இன்னொருவரைக் கூட்டிவந்தார். அந்த மூன்றாமவர் மச்சாளை மேலும் கீழும் பார்த்துத் தமிழில் ஒரேயொரு சொல் கேட்டார்.

“றோலர்?”

எங்கள் கடலில் இந்திய றோலர்கள், அந்தப் பெரிய இழுவைப் படகுகள், வந்து மீனை வாரிக்கொண்டு போவது நாடறிந்த கதை. வருகிறவர்களைப் பிடிக்க நேவி வேண்டும், படகு வேண்டும், எரிபொருள் வேண்டும், பிறகு நீதிமன்றம் வேண்டும். அந்தச் செலவு எதுவுமில்லாமல், மன்னாரில் வசிக்கும் இந்திய மீனவர் ஒருவர் தானாகவே பஸ் ஏறி வந்து, டோக்கன் எடுத்து, கையில் பால்போத்தலோடு வரிசையில் நின்று, தன் தொழிலை எழுத்தில் ஒப்புக்கொண்டது அந்தக் கந்தோரில் அன்றைக்குத்தான் முதல் தடவையாக இருந்திருக்கும்.

நான் விளக்க முயன்றேன். எங்கள் ஊரில் எல்லாரும் அப்படித்தான் எழுதுவார்கள் என்றேன். ஆங்கிலத்தில் சொன்னபோது அது இரண்டாவது குற்ற ஒப்புதலாகப் போய்விட்டது. எல்லாரும் என்றால் எத்தனை இந்தியர் என்று அவர் கேட்டார்.

கடைசியில் முடிவு இப்படி வந்தது. ஒரு வருட நீடிப்பு இல்லை. இரண்டு மாதம் தற்காலிகமாகத் தருவார்கள். அதற்குள் மன்னார் மீன்பிடிக் கந்தோரிலிருந்து, இவர் மீன்பிடிப்பதில்லை என்று அறிக்கை வர வேண்டும். வராவிட்டால் இவர் நாட்டைவிட்டுப் போக வேண்டியிருக்கும். பிள்ளையைப் பற்றிப் பயப்பட வேண்டாம், அவள் இலங்கைப் பிரசை, அவள் இருக்கலாம் என்று அந்த நல்ல மனிதர் ஆறுதலாகச் சொன்னார்.

“என்ன சொல்றாரு, பாப்பா?” என்று மச்சாள் கேட்டார். எனக்கு இருபத்தாறு வயது, ஆனாலும் அவருக்கு நான் பாப்பா. அறிக்கை ஒன்று வேணுமாம் என்று மட்டும் சொன்னேன். மற்றதை மொழிபெயர்க்கவில்லை. 

வீட்டில் அம்மா என்னை ஏசவில்லை. ஏசியிருந்தால் நல்லது. இரண்டு நாள் எனக்குச் சோறு போடும்போது, ‘இல்லை’ என்று எழுத உனக்கென்ன நோவு என்று சுவரைப் பார்த்துக் கேட்டார். மடு மாதா கோயிலுக்கு நடந்து வருவதாக நேர்த்தி வைத்தார். யார் நடப்பது என்று சொல்லவில்லை. எல்லாரும் என் காலைப் பார்த்தார்கள்.

மீன்பிடிக் கந்தோருக்குப் போனேன். பரிசோதகர் அடம்பன் பக்கத்து வயற்காரக் குடும்பத்து ஆள், சாந்தமானவர். தான் வீட்டுக்கு வந்து பார்ப்பதாகவும், அதற்கு முதல் ஊர்ச் சங்கத்தின் கடிதம் ஒன்று வேண்டும் என்றும் சொன்னார். ஊர்ச் சங்கம் என்றால் செயலாளர்.

அன்றைக்கு நான் வாசற்படியில் நின்ற விதத்தை எழுத எனக்கு விருப்பமில்லை. செயலாளர் கதிரையைக் காட்டி இருக்கச் சொன்னார். விஷயம் முழுவதும் அவருக்குத் தெரிந்திருந்தது. இருந்தும் முதலிலிருந்து சொல்லச் சொல்லிக் கேட்டார். நான் ‘கடற்றொழில்’ என்று எழுதிய இடம் வந்ததும், அதை இன்னொரு தரம் சொல்லச் சொன்னார். பிறகு, வருடாவருடம் கொழும்பில் கூட்டத்துக்குப் போய் இந்திய மீனவரைப் பிடியுங்கள் பிடியுங்கள் என்று தான் தொண்டை கிழியக் கத்தியும் அசையாத அரசாங்கத்தை நான் ஒரே பேனையால் அசைத்துவிட்டதாகப் பாராட்டினார்.

எல்லாம் கேட்டு முடித்து, கடிதம் எழுதச் சங்கத்தின் அங்கத்தவர் பதிவேட்டை எடுத்தார். பக்கத்தைப் புரட்டினார். அவருடைய முகம் மாறியது. எங்கள் வீட்டுப் பக்கத்தில் அப்பாவின் பெயருக்குக் கீழே அண்ணனின் பெயர், அதற்குக் கீழே மச்சாளின் பெயர், அதற்கு நேரே ‘கடற்றொழில்’. அவருடைய கையெழுத்து. கறுப்புப் பேனை. அங்கத்தவர் தொகை கூடினால் வலை கூட வரும் என்று ஒரு வருடம் ஊரையே அவர் பதிவேட்டுக்குள் இறக்கியிருந்தார்.

“இதிலை இருக்கிற ஒராள் கடலுக்குப் போறேல்லை எண்டு நான் எழுதிக் குடுத்தால், மற்றவையும் போறவையோ எண்டு கேப்பினம், பிள்ளை.”

“ஆர் மற்றவை?”

அவர் பதிவேட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். நான் தலைகீழாகவும் வாசிப்பேன் என்பதை அவர் மறந்துவிட்டார். படித்ததில் எனக்குக் கிடைத்த உருப்படியான திறமை அது. கனடாவில் பெற்றோல் நிலையம் வைத்திருப்பவர் ஒருவர் இருந்தார். விடத்தல்தீவுக்குக் கலியாணம் கட்டிப்போன இரண்டு பெண்கள் இருந்தார்கள். போன வருடம் நாங்கள் அடக்கம் செய்த ஒருவர் இன்னும் கடற்றொழிலில் இருந்தார்.

“அண்ணை, நீங்கள் கடைசியாக் கடலுக்குப் போனது எப்ப?” என்று கேட்டேன்.

“அது வேறை கதை.”

அவர் பதிவேட்டை மூடி, கடதாசி ஒன்றை எடுத்தார். பிறகு அவர் எழுதினார். ‘மேற்படியார் எமது சங்கத்தின் அங்கத்தவர். எமது அங்கத்தவர்கள் எல்லாரும் கடலுக்குச் செல்பவர்கள் அல்லர்.’ அவ்வளவுதான். இரண்டு வசனத்தில் மச்சாளையும் தன்னையும் கனடாக்காரரையும் செத்தவரையும் ஒன்றாகக் காப்பாற்றிவிட்டார். பதின்மூன்று வருடம் படித்தும் எனக்கு அப்படி எழுத வந்திருக்காது என்று ஒப்புக்கொள்கிறேன்.

பரிசோதகர் வருகிற நாளுக்கு முதல் நாள் அம்மா மச்சாளுக்கு வகுப்பு எடுத்தார். எது கேட்டாலும் தெரியாது என்று சொல்ல வேண்டும். மீன் தெரியாது, வலை தெரியாது, உப்புப் பதம் தெரியாது. எங்கள் வீட்டில் இதுவரை யாருக்கும் ஒன்றும் தெரியாமல் இருப்பதற்குப் பாடம் நடந்ததில்லை. மச்சாள் தலையாட்டினார். ஆனால் மூன்று வருடமாக, கடற்கரை தெரியாத மருமகள் என்ற பேரைத் துடைக்க இதையெல்லாம் பாடுபட்டுப் படித்தவர் அவர். அவருடைய முகத்தில் சம்மதம் இருக்கவில்லை.

பரிசோதகர் வந்தார், முற்றத்தில் பாயைப் பார்த்தார், இது என்ன மீன் என்று கேட்டார். அம்மா பின்னால் நின்று கண்ணைக் காட்டினார். மச்சாள் குனிந்து ஒரு மீனைத் தூக்கிக் காட்டினார்.

“இது சூடைங்க சார், மூணு நாள்ல காஞ்சிரும். அது கட்டா, அஞ்சு நாளாவது வேணும். அந்த ஓரத்துல கிடக்கே, அதுக்கு உப்பு பத்தலை. என் வீட்டுக்காரர் போட்டது.”

அம்மா சுவரில் சாய்ந்துவிட்டார். பரிசோதகர் எழுதிக்கொண்டே, “நீங்கள் எப்பவாவது வள்ளத்திலை ஏறினனீங்களோ?” என்று கேட்டார்.

“இல்லீங்க சார். மீனை நான் தண்ணிக்கு வெளியில மட்டும்தான் பாத்திருக்கேன்.”

அவர் சிரித்துவிட்டார். அங்கேயே இருந்து அறிக்கையை எழுதி எங்களுக்கு வாசித்தும் காட்டினார். இப்பெண் கடற்றொழிலில் ஈடுபடுவதில்லை. கணவர் வீட்டில் மீன் வெட்டுதல், உப்பிடுதல், உலர்த்துதல் ஆகியவற்றைத் தினமும் சம்பளமின்றிச் செய்துவருகிறார்.  நான் அந்தக் கட்டத்தில் எழுத நினைத்ததும் இதைத்தான். எனக்கு ஒரு சொல் இடம்தான் இருந்தது, அவருக்கு ஒரு பக்கம் இருந்தது. அம்மா அவருக்குத் தேத்தண்ணியும் ஒரு பார்சல் கட்டாக் கருவாடும் கொடுத்தார். கருவாட்டை அவர் வாங்கவில்லை.

இரண்டு மாதம் முடிவதற்கு ஐந்து நாள் இருக்கும்போது ஒரு வருட நீடிப்புக் கிடைத்தது. கொழும்பிலிருந்து வரும் வழியெல்லாம் மச்சாள் பிள்ளையை மடியைவிட்டு இறக்கவில்லை. கந்தோரில் சொன்ன மற்ற விஷயத்தை, நான் மச்சாளுக்கு மொழிபெயர்க்காமல் அண்ணனுக்கு மட்டும் சொன்னதை, அவன் அவருக்கு எப்போதோ சொல்லியிருக்கிறான் என்று அப்போதுதான் விளங்கியது.

வீட்டுக்கு வந்து, வாசிக்கத் தெரிந்தவள் என்ற முறையில், கடவுச்சீட்டில் குத்தியிருந்ததை எல்லாருக்கும் சத்தமாக வாசித்தேன். சம்பளத்துடனோ சம்பளமின்றியோ எந்தத் தொழிலிலும் ஈடுபடலாகாது. பழைய வருடங்களுக்கும் அதே வசனம்தான் குத்தியிருந்தது. நாங்கள் யாரும் வாசித்ததில்லை. செயலாளர் வாசித்திருப்பார், அதனால்தான் ‘இல்லை’. இந்த முறை கூடவே ஒரு கடிதமும் இருந்தது. மன்னார் அறிக்கையின்படி மேற்படியார் சம்பளமின்றி மீன் உலர்த்தி வருவதாகத் தெரிகிறது, நிபந்தனையின்மீது அவருடைய கவனம் ஈர்க்கப்படுகிறது, மீறினால் நீடிப்பு இரத்துச் செய்யப்படலாம்.

அம்மா எழும்பிப் போய் மச்சாளின் கையிலிருந்த கத்தியை வாங்கினார்.

அடுத்த நாளிலிருந்து மச்சாள் முற்றத்தில் ஒரு பிளாஸ்டிக் கதிரையில் இருந்தார். அம்மாவின் கட்டளை. பாயில் மீன் பரப்பியிருக்கும், காகம் வரும், மச்சாள் காகத்தைப் பார்ப்பார், காகம் மச்சாளைப் பார்க்கும். கலைக்கக் கூடாது, கலைப்பதும் வேலை. அயலில் உள்ள பெண்கள் ஒவ்வொருவராக வந்து, வேலை செய்தால் பொலிஸ் பிடிக்கும் மருமகளைப் பார்த்துவிட்டுப் போனார்கள். இரண்டு பேர் அப்படியொரு விசா உள்ளூர் ஆட்களுக்கும் எடுக்கலாமா என்று என்னை இரகசியமாகக் கேட்டார்கள். அண்ணன் மீன் வெட்டினான். மூன்றாம் நாள் கட்டைவிரலில் துணி சுற்றிக்கொண்டு வெட்டினான். சமையல் எந்த வகை என்ற சந்தேகம் வந்தபோது அம்மா செயலாளரிடம் ஆள் அனுப்பிக் கேட்டார். பிள்ளைக்குச் சோறு தீத்துவது வேலையில்லை, மாமனாருக்குச் சோறு போடுவது வேலை என்று அவர் தீர்ப்புச் சொல்லி அனுப்பினார். அப்பா தானே போட்டுச் சாப்பிடப் பழகினார். கறிச்சட்டி எங்கே இருக்கிறது என்று அவருக்குக் காட்ட வேண்டியிருந்தது.

முதலில் நாங்கள் எல்லாரும் சிரித்தோம். மச்சாள் சிரிப்பை நிறுத்திய நாளில்தான் நானும் நிறுத்தினேன். நான் வேலையால் வீட்டுக்கு வந்து சப்பாத்தைக் கழற்றும்போது மச்சாள் என்னைக் கூப்பிட்டார்.

“பாப்பா, என்னை நாட்டுக்குள்ள விட்டுட்டாங்க. வீட்டுக்குள்ள விடலையே.”

அடுத்த நாள் விடுதித் தொலைபேசியிலிருந்து கொழும்புக் கந்தோருக்கு எடுத்தேன். விருந்தினருக்காக எடுப்பதாக முதலாளி நினைத்திருப்பார். வேலை செய்யவே முடியாதா என்று கேட்டேன். முடியும், அதற்கு அனுமதி கேட்க வேண்டும் என்றார்கள். வேலை கொடுப்பவர் விண்ணப்பிக்க வேண்டும், சம்பளம் எவ்வளவு என்று காட்ட வேண்டும், அந்த வேலைக்கு உள்ளூரில் ஆள் இல்லை என்று எழுதித் தர வேண்டும். சம்பளமில்லாத வேலைக்கு அனுமதி கேட்கலாமா என்றேன். தொலைபேசியில் பேசிய பெண், சம்பளம் கொடுக்காதவரை வேலை கொடுப்பவர் என்று எப்படிச் சொல்வது என்று என்னையே திருப்பிக் கேட்டாள். நியாயமான கேள்வி. எங்கள் ஊரில் இதுவரை யாரும் கேட்டதில்லை.

எங்கள் வீட்டில் கருவாட்டு வியாபாரம் அம்மாவின் கையில். ஆகவே அம்மாதான் முதலாளி.

“என்ர மருமகளுக்கு நான் சம்பளம் குடுக்கிறதோ? ஊர் சிரிக்கும்.”

“ஊர் இப்பவே சிரிக்குது, அம்மா.”

“நான் இந்த வீட்டுக்கு வந்து முப்பது வருஷம். எனக்கு ஆர் தந்தது?”

 அப்பா கறிச்சட்டியின் மூடியைத் திறந்து பார்த்துவிட்டு மூடினார். அம்மா பாயைப் பார்த்தார். அண்ணன் வெட்டிய மீன் அதில் கிடந்தது. அதை வாங்க எந்த வியாபாரியும் வரமாட்டான். எழுது என்றார்.

எழுதினேன். உள்ளூரில் ஏன் ஆள் இல்லை என்ற இடம் வந்தது. இப்படியான கடிதத்தில் எனக்குப் பழக்கம் உண்டு என்று சொல்லிப் பேனையை எடுத்தேன். அம்மா தடுத்தார்.

“பொய் எழுதாதை. வீட்டிலை ஒரு குமர் இருக்கு, படிச்சது. அது மீன் வெட்டாது எண்டு எழுது.”

மச்சாள் அன்றைக்குத்தான் பல நாளைக்குப் பிறகு வாய்விட்டுச் சிரித்தார். நான் அதை அப்படியே, நாகரிகமான வசனத்தில், எழுதினேன். தகுதியுள்ள உள்ளூர் ஆள் ஒருவர் வீட்டிலேயே இருந்தும் அவர் முன்வரவில்லை. சொந்த நாட்டில் ஆள் இல்லை என்று நான் எழுதிய இரண்டு கடிதங்களில் இதுதான் உண்மையானது.

செயலாளர் வந்து எச்சரித்தார். ஒரு வருடம் கிடைத்திருக்கிறது, அதை வைத்துக்கொண்டு பேசாமல் இருங்கள், கேட்டால்தானே மறுப்பார்கள், கிண்டினால் இருப்பதும் போய்விடும் என்றார். இந்த முறை அவர் சிரிக்கவில்லை. அவருக்கு உண்மையாகவே பயம். எனக்கும் பயமாகத்தான் இருந்தது. என் பேனையால் ஒருமுறை இந்தப் பிள்ளையின் தாய் கடல் தாண்டிப் போக இருந்தவர். அதனால் நான் முடிவு சொல்லவில்லை. கொழும்பு அதிகாரி சொன்னது உட்பட, மறுத்தால் என்னென்ன நடக்கலாம் என்று மச்சாளுக்கு எல்லாவற்றையும் விளங்கப்படுத்தினேன். இந்த முறை ஒன்றையும் விடவில்லை. பிள்ளை நித்திரையாகும்வரை யோசித்துவிட்டு, அனுப்பு பாப்பா என்றார்.

அம்மா கையெழுத்து வைத்தார். ‘வேலை கொடுப்பவர்’ என்ற சொல்லுக்கு மேலே வைக்க வேண்டும் என்று காட்டினேன். வழமையைவிட இரண்டு மடங்கு நேரம் எடுத்து, எழுத்துக்களைப் பெரிதாக வைத்தார்.

செவ்வாய்க்கிழமை காலை, விடுதிக்குப் போகும் வழியில் மன்னார்த் தபால் கந்தோரில் இறங்கி அதைப் பதிவுத் தபாலில் போட்டேன். உள்ளே என்ன என்று தபால்காரர் கேட்டார். கருவாட்டு விஷயம் என்றேன். மணக்கவில்லையே என்று சொல்லிக்கொண்டு முத்திரையைக் குத்தினார்.